பழைய 26 இஞ்ச் ஸ்டீல் ஃப்ரேமில் ஒரு எம்டிபி (மலை சைக்கிள்): எதை வைப்பது, எதை மாற்றுவது?

கோவைச்சக்கரம் (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது அவருடைய பழைய கோனா மலை சைக்கிளையும் பெட்டி கட்டி எடுத்து வந்தார். இனி ஓட்டப்போவதில்லை என்று என்னிடம் கொடுத்துவிட்டார். 90-களின் பிற்பகுதி வண்டி. குரோமோலி ஸ்டீல் ஃப்ரேம், முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத நேர்க்கால் ஃபோர்க். கோனா அதை 'பி2' என்ற பெயரில் போட்டு வந்தது.

வெர்னியர் வைத்து அளந்தது இது: பின்பக்க டிராப்அவுட் (ஆக்சில் உட்காரும் பிளவு) இடைவெளி 135 மி.மீ. பிபி (பெடல் தண்டு சுழலும் பேரிங்) ஷெல் 73 மி.மீ., பிஎஸ்ஏ வகை மரை. ஹெட்செட் 1⅛ இஞ்ச், மரையில்லாத வகை. ரிம் 559 மி.மீ. (26 இஞ்ச் அளவு). வி-பிரேக்குக்கான (ரிம்மைப் பிடிக்கும் பிரேக்) போஸ் (மாட்டும் முளை) உண்டு. டிஸ்க் மாட்ட இடம் கிடையாது. ஹப் இரண்டும் ஷிமானோ, 32 ஓட்டை, கோனும் பால்ரஸும் போட்டது. கிராங்க் நான்கு கை, 104 மி.மீ. போல்ட் வட்டம், சதுரத் தண்டு; செயின்வீல் 22-32-42 பல். பின்னால் 8 ஸ்பீடு, 11-30. ரிம்மின் பக்கச் சுவர் தேய்ந்து குழிந்துவிட்டது. சீட் பைப் அசையவே மாட்டேன் என்கிறது.

குதிப்பது, தாவுவது எல்லாம் எனக்கு வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட மண்பாதைகளில் ஏறி இறங்க வேண்டும். மழையிலும் ஓட்ட வேண்டும். மூன்று கேள்விகள்: முன்னால் ஒரே செயின்வீலாக மாற்றலாமா? டிஸ்க் பிரேக் வைக்க வழி உண்டா? சஸ்பென்ஷன் ஃபோர்க் போடலாமா?

ஹார்ட்டெயில்_தாம்பரம்

நண்பரே, மனசு கஷ்டப்படாமல் கேளுங்கள். இந்த மூன்றையும் செய்து முடித்தால் ஒரு நல்ல புது ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி) விலை வந்துவிடும். புது வண்டியில் ஹைட்ராலிக் டிஸ்க், 29 இஞ்ச் வீல், த்ரூ ஆக்சில் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரும். 26 இஞ்சுக்கு நல்ல டயர் கிடைப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. பழையதை அப்படியே சுத்தம் செய்து ஊருக்குள் ஓட்டுங்கள், மலைக்குப் புதிது வாங்குங்கள் என்பது என் கருத்து.

ஸ்போக்கம்பி (மதுரை)

தாம்பரம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கு. மூணையும் செய்தால்தான் அந்தக் கணக்கு. எதைச் செய்யணும், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தால் கணக்கே வேற.

கோவைத் தம்பிக்கு ஒண்ணு: ஃப்ரேம் நல்லா இருக்குன்னு தெரியாம ஒரு நட்டு கூட வாங்காதீங்க.

முதலில் எல்லாப் பாகத்தையும் கழற்றி, ஃப்ரேமை மண்ணெண்ணெய் துணியால் துடைச்சு வெயிலில் வைத்துப் பாருங்க. ஹெட் டியூபுக்குப் பின்னாடி, டவுன் டியூபின் அடிப்பக்கம்தான் பழைய மலை சைக்கிளுக்கு முக்கியமான இடம். முன்னாடி எங்கேயாவது மோதியிருந்தால் அங்கே பெயிண்ட் சுருங்கி, வரி வரியா ஒரு வீக்கம் தெரியும். விரலை ஓட்டிப் பாருங்க. கண்ணை விட விரலுக்குச் சீக்கிரம் தெரியும். அடுத்து பிபி ஷெல்லும் செயின்ஸ்டேயும் சேரும் இடம், டிராப்அவுட் வெல்டு, சீட் டியூபின் மேல் வாயில் இருக்கிற வெட்டு. முடி மாதிரி கோடு தெரிஞ்சா அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கணும். பெயிண்ட் விரிசலா இரும்பு விரிசலான்னு அப்போதான் தெரியும்.

அப்புறம் நூல் சோதனை. ஒரு பக்கத்து டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்து டிராப்அவுட்டில் அதே இடத்தில் இறுக்கிக் கட்டுங்க. சீட் டியூபிலிருந்து ரெண்டு நூலுக்கும் உள்ள தூரத்தை வெர்னியர் வைத்து அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு மி.மீ. வரை வித்தியாசம் ஸ்டீலில் நிமிர்த்திடலாம். அலுமினியத்தில் அதைச் செய்ய முடியாது. ஸ்டீல் ஃப்ரேமை நான் மதிக்கிறதுக்கு இதுவே ஒரு காரணம்.

சீட் பைப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஸ்டீல் குழாய்க்குள்ளே அலுமினியம் பைப்பு. கிரீஸ் இல்லாம ஈரம் இறங்கினால் ரெண்டுக்கும் நடுவில் அலுமினிய உப்பு பூத்து ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். சுத்தியலால் தட்டித் திருகினால் சீட் டியூப்தான் கிழியும். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பிபி-யைக் கழற்றிட்டு, அந்த வழியா ஊடுருவும் எண்ணெய் விடுங்க. மேல் பக்கத்திலும் விடுங்க. தினமும் விடணும். சீட்டைப் பிடிச்சுத் திருகாதீங்க. பைப்பின் தலையை வைஸில் கடிக்கவிட்டு, ஃப்ரேமையே பிடிச்சு மெல்லத் திருப்புங்க, நீளமான கைப்பிடி கிடைச்ச மாதிரி இருக்கும்.

பிபி கழற்றும்போது நினைவில் இருக்கட்டும்: பிஎஸ்ஏ மரையில் செயின் பக்கம் இடது மரை. அதைக் கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

கோவைச்சக்கரம்

ஸ்போக்கம்பி ஐயா, மிக்க நன்றி. நூல் சோதனையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. விரிசல் எங்கும் இல்லை. எண்ணெய் தொடர்ந்து விட்டு, நீங்கள் சொன்னபடி வைஸில் வைத்துத் திருப்பினேன், சீட் பைப் வந்துவிட்டது. உள்ளே வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பிபி ஷெல்லுக்குள் மேல்துரு மட்டும்தான், ஆழமில்லை.

டொன்வலி (ஸ்காபரோ)

தம்பி, உங்கட இழையைப் பார்த்து நல்ல சந்தோசம். நான் இஞ்ச டொரொன்டோ டொன் பள்ளத்தாக்குப் பாதையளில் இதே காலத்து ஸ்டீல் ஃபிரேம் ஒண்டுதான் ஓடுறன். குளிர்காலத்தில ரோட்டுக்கு உப்புப் போடுவாங்கள். அதைத் தாங்கி நிற்கிற ஃபிரேம் எண்டால் உங்கட ஊர் மழைக்குப் பயப்படத் தேவையில்லை. உள்பக்கம் எண்ணெய் பூசி விடுங்கோ, அது காணும்.

பழசும் புதுசும் கலந்து கட்டுறதைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். மலைச் சைக்கிளே அப்பிடித்தான் பிறந்தது. 70-களில கலிஃபோர்னியாவின்ரை மரின் கவுண்டியில ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எண்டு ஒரு கூட்டம், 30-களிலும் 40-களிலும் வந்த ஷ்வின் எக்செல்சியர் ஃபிரேமுகளைத் தேடிப் பிடிச்சு, மொத்த ரயர் போட்டு மலையிலயிருந்து இறக்கினவை. 1976 ஒக்டோபரில் 'ரீபேக்' பந்தயம் தொடங்கினது. பின்சில்லுக் கோஸ்டர் பிரேக் சூடேறி கிரீஸ் எரிஞ்சு போகும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைத் திறந்து திரும்பக் கிரீஸ் அடைக்கவேணும், அதால வந்த பெயர்தான் ரீபேக். பிறகு ஃபிஷர் அந்தக் கிழட்டு ஃபிரேமில கியரும் ட்ரம் பிரேக்கும் பூட்டினார். மேல ஏறுறதுக்கும் அந்தச் சைக்கிளையே பாவிக்கலாம் எண்டு வந்தது அதுக்குப் பிறகுதான். அந்த ஃபிரேமுகள் தாங்காமல் முறியத் தொடங்கினபடியால்தான் பிரீஸ் 1977-இல் குரோமோலிக் குழாயில புதுசா ஃபிரேம் கட்டத் தொடங்கினவர். ஃபிரேம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது எண்டு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது.

இப்ப உங்கட முதல் கேள்வி. ஒற்றைச் செயின்வீல் போடலாம், தாராளமாப் போடலாம். ஆனா புதுக் கிராங்க் வாங்காதேங்கோ. இப்ப வாற மலைக் கிராங்க் பலதும் 148 மி.மீ. பூஸ்ட் ஹப்புக்கு எண்டு செய்தது, செயின்லைன் (ஃபிரேமின்ரை நடுவிலயிருந்து செயின்வீல் வரைக்குமான தூரம்) 52 மி.மீ. கிட்ட இருக்கும். உங்கட 135 ஹப்பில கேசட் (பின் பல்லுகளின்ரை கூட்டம்) அதைவிட உள்ளுக்கு நிற்கும். பெரிய பல்லில கிடக்கேக்கை செயின் குறுக்கால இழுபடும். பெடலைப் பின்னுக்குச் சுத்தினால் கீழ்ப் பல்லுக்குச் சரிஞ்சு விழும்.

உங்கட பழைய கிராங்க்தான் இதில நல்லம். மூண்டு செயின்வீலில நடு இடம் இருக்கெல்லோ, அதில 104 மி.மீ. நேரோ-வைட் (மெல்லிசும் தடிப்புமாப் பல் மாறி மாறி வந்து செயினைப் பிடிக்கிற) 32 பல்லைப் பூட்டுங்கோ. மற்ற ரெண்டையும் கழட்டி, கட்டை போல்ட் போடுங்கோ. சதுரத் தண்டு பிபி 113, 118, 122.5 எண்டு வெவ்வேறு நீளத்தில வரும். ஷிமானோ இன்னும் யூஎன்300 செய்யுது. தண்டு 2 மி.மீ. குறைஞ்சால் செயின்லைன் கிட்டத்தட்ட 1 மி.மீ. உள்ளுக்கு வரும். முதலில பழைய பிபியோட பூட்டி அளந்து பாருங்கோ, பிறகு நீளத்தை முடிவெடுங்கோ. புது ஹொலோடெக் (தண்டு கிராங்கோடையே சேர்ந்து வாற) கிராங்கில இந்த வசதி இல்லை.

கோத்தகிரி_ஏற்றம்

கியர் கணக்கை எண்ணில் பார்த்தால் சந்தேகம் தீரும். 26×2.1 டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். இப்போது உங்கள் மிக இலேசான கியர் 22/30. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 1.52 மீட்டர் நகரும். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் கியர் செட் போட்டால் பின்னால் 11-48, பத்து ஸ்பீடு. 32/48-இல் ஒரு சுற்றுக்கு 1.38 மீட்டர். அதாவது மூன்று செயின்வீல் இருந்ததைவிட இலேசாக ஏறலாம். மேல் முனையில் இழப்பு உண்டு: 42/11-க்கு 7.9 மீட்டர் கிடைத்தது, இனி 32/11-க்கு 6 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 32 கி.மீ. எஸ்டேட் மண்பாதையில் அதற்கு மேல் மிதிக்க வேண்டிய இடமே கிடையாது. இறக்கத்தில் கை பிரேக்கில்தான் இருக்கும்.

அந்த கேசட் சாதாரண ஷிமானோ ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் (ஹப்பில் கேசட் உட்காரும் உருளை) ஏறும். உங்கள் 8 ஸ்பீடு ஹப்பே போதும். ஷிஃப்டர், டிரெயிலியர் (செயினைப் பல் மாற்றும் கை) இரண்டையும் அதே செட்டில் வாங்க வேண்டும். கேபிள் இழுக்கும் அளவு ஷிமானோவோடு ஒத்துவராது. வாங்குமுன் ஹேங்கர் (டிரெயிலியரை மாட்டும் ஃப்ரேம் காது) நிமிர்ந்திருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். 8 ஸ்பீடில் தெரியாத வளைவு 48 பல்லில் முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

பிரேக் பற்றி: இங்கே மழைக்காலச் செம்மண் ரிம்மை அரைத்துத் தின்றுவிடும். உங்கள் ரிம் குழிந்ததும் இந்த மாதிரி மண்ணால்தான் இருக்கும். முன்பக்கமாவது டிஸ்க் இருந்தால் நல்லது என்பது என் அனுபவம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ., கீழிருந்து மேலே 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரம். அதை முழுக்க ஈரத்தில் இறங்கும்போது வி-பிரேக் பிடிக்கும், ஆனால் ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அந்த ஒரு விநாடியைக் கணக்கில் வைத்து ஓட்ட வேண்டும்.

இன்னொன்று, இது சைக்கிள் சம்பந்தப்பட்டதல்ல. தோட்டப் பாதைகள் பெரும்பாலும் தனியார் இடம். மேலாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். காலையிலும் மாலையிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்கும். இறக்கத்து வளைவில் வேகமாக வந்தால் நிறுத்த முடியாது.

பட்டறை_பீளமேடு

வணக்கமுங்க. நம்ம லேத் பட்டறை பீளமேட்டுலதானுங்க. டிஸ்க் மாட்டுற தகடு வேணும்னா லேசர்ல வெட்டி, டிக் வெல்டிங் வெச்சுப் பண்ணித் தர்றனுங்க. 51 மி.மீ. ஓட்டை இடைவெளிதானுங்களே, ஜிக் பண்ணிட்டா துல்லியமா வரும். பின்னால மட்டும் போதுங்களா, ஃபோர்க்குக்கும் வேணுங்களா?

ஸ்போக்கம்பி

பட்டறைத் தம்பி வேலை சுத்தமா இருக்கும்னு எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வேண்டாம்னுதான் சொல்வேன்.

வி-பிரேக் போட்ட ஃப்ரேமில் பிரேக் விசை சீட்ஸ்டேயின் மேல் பகுதியில், போஸ் பற்றவைச்ச இடத்தில் இறங்கும். டிஸ்க் போட்டால் அதே விசை சக்கரத்தின் மையத்துக்குப் பக்கத்தில், இடது பக்கம் மட்டும், சின்ன கைநீளத்தில் வந்து மோதும். டிஸ்க்குக்குன்னு செய்த ஃப்ரேமில் அங்கே குழாய் தடிமனா இருக்கும், இல்லைன்னா சீட்ஸ்டேக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தாங்கி இருக்கும். இந்த ஃப்ரேமில் ரெண்டும் இல்லை. குரோமோலிக் குழாய் சுவர் மெல்லிசு, வெல்டு பக்கத்தில் சூடு பட்ட இடம் மொடமொடன்னு ஆகிடும். இன்னிக்கு உடையாது, கொஞ்ச காலம் கழிச்சு ஒரு இறக்கத்தில் உடையும்.

ஃபோர்க்கில் அந்த வேலை இன்னும் மோசம். முன் பிரேக்தான் முக்கால்வாசி வேலை செய்யுது. டிஸ்க்குக்காகச் செய்யாத மெல்லிய காலில் அந்த விசையை ஏத்தவே கூடாது. தகடு பற்றவைப்பதற்குப் பதில், டிஸ்க் மவுண்டோட வர்ற புது ரிஜிட் ஃபோர்க் வாங்கிடலாம். அது பாதுகாப்பான வழி.

பட்டறை_பீளமேடு

சரிங்க ஐயா, நீங்க சொல்றது புரியுதுங்க. தாங்கி இல்லாம தகடு மட்டும் வெச்சா விசை ஒரே புள்ளில நிக்கும், ஒத்துக்கறேன். தம்பி, பிபி மரை, ஹெட் டியூப் வாய் எல்லாம் சுத்தம் பண்ணணும்னா கொண்டு வாங்க. 1.37 இஞ்ச், 24 மரை டேப் ரெண்டு பக்கமும் இருக்குது. பவுடர் கோட்டிங் பண்றதுக்கு முன்னாடி மரையையும் ஹெட்செட் உட்கார்ற இடத்தையும் அடைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி பவுடர் உள்ள போய்ச் சுட்டு இறுகிப்போச்சுன்னா சுரண்டறதே பெரும்பாடுங்க.

உபின்_பாதை (சிங்கப்பூர்)

சஸ்பென்ஷன் ஃபோர்க் கேள்விக்கு யாரும் விரிவாகப் பதில் சொல்லவில்லை. இன்று கடையில் கிடைக்கும் நல்ல ஃபோர்க் அநேகமாக எல்லாமே கீழே 1½ இஞ்சாக விரியும் தண்டு உடையவை. உங்கள் 1⅛ ஹெட் டியூபுக்குள் அவை நுழையாது. நேர்த்தண்டு ஃபோர்க் என்று தேடினால் கிடைப்பவை மலிவு ரகம், எடையும் அதிகம். இன்னொரு சிக்கல் உயரம். உங்கள் ஃப்ரேம் காலத்து ஃபோர்க்குகள் 63, 80 மி.மீ. டிராவல் கொண்டவை. ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும், பிபி மேலே எழும்பும், ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். பி2-வையே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குக்காகப் புது ரிஜிட் ஃபோர்க் வாங்கினாலும் ஆக்சிலிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் மேல் தோள்) வரை உள்ள உயரத்தை பி2-வோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

கை வைக்கும் இடத்தைப் பற்றியும் யோசியுங்கள். இந்தக் காலத்து வண்டிகளில் நீண்ட ஸ்டெம், குறுகிய ஹேண்டில்பார். அதை இன்றைய மோஸ்தரில் 35 மி.மீ. ஸ்டெம்மாக மாற்றினால் முழங்கால் கையில் இடிக்கும், ஏனென்றால் புது ஃப்ரேம்கள் நீளமாக வருகின்றன, இது அப்படியில்லை. நான் இதே மாதிரி ஃப்ரேமில் 70 மி.மீ. ஸ்டெம்மும், கொஞ்சம் பின்னால் வளைந்த 720 மி.மீ. பாரும் போட்டேன். புலாவ் உபினின் கெட்டாம் பாதையில் வேர்கள் மேல் ஏறும்போது முன் சக்கரம் கைக்கு அடங்கி நிற்கிறது. செலவு குறைவு, வித்தியாசம் மிகப் பெரிது. பழைய பார் 25.4, புது ஸ்டெம் 31.8 பிடிப்பு, எனவே இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

27.5 வீல் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதன் ரிம் 584-க்கும் உங்கள் 559-க்கும் ஆரத்தில் 12.5 மி.மீ. வித்தியாசம். உங்கள் வி-பிரேக் ஷூ அவ்வளவு உயரம் ஏறாது.

ஹார்ட்டெயில்_தாம்பரம்

இவ்வளவையும் படித்த பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். கிராங்க், ஹப், ஃபோர்க் மூன்றும் இருப்பதே போதும் என்றால் செலவு பாதிக்கும் கீழே வரும். டயர் விஷயத்தில் மட்டும் என் கவலை அப்படியே இருக்கிறது. ஷ்வால்பே, மேக்சிஸ் இரண்டிலும் 26-க்குச் சில வகைகள் இன்னும் வருகின்றன. கிடைக்கும்போது ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கோவைச்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன்.

ஃப்ரேம், பி2 ஃபோர்க், ஹப் இரண்டு, கிராங்க், வி-பிரேக் கைகள் பழையவை. புதிதாக ரிம், ஸ்போக்ஸ், டயர், ஹெட்செட், பிபி, 32 பல் நேரோ-வைட், அட்வென்ட் எக்ஸ் செட், ஸ்டெம், பார், பிரேக் கேபிள், பிரேக் ஷூ. இந்த மழைக்காலம் முழுக்க வி-பிரேக்கோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, கோத்தகிரி நண்பர் சொன்ன அந்த ஒரு விநாடி உண்மையிலேயே பயமுறுத்தினால், டிஸ்க் ஃபோர்க்கும் முன்பக்க டிஸ்க் ஹப்பும் வாங்குவேன். பின்பக்கம் எப்போதும் வி-பிரேக்தான்.

ஃப்ரேமைப் பீளமேட்டுப் பட்டறையில் கொடுத்து மரை சுத்தம் செய்து, கரும்பச்சை பவுடர் கோட்டிங் முடித்தாயிற்று. செயின்லைன் பழைய பிபியில் அளந்தபோது 51 வந்தது. அதைவிடச் சிறிய தண்டு போட்டதில் 48.5-க்கு வந்துவிட்டது. செயின்வீல் செயின்ஸ்டேயில் உரசவில்லை. டொன்வலி அண்ணை, 48 பல்லில் வைத்துப் பின்னால் சுற்றினேன், செயின் விழவே இல்லை!

ஹப்பைத் திறந்தேன். முன் ஹப்பின் கோன் இரண்டும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. பின் ஹப்பில் செயின் பக்கக் கோனில் மட்டும் ஒரு வட்டமாகக் குழிகள். ஹப்பின் உள்கிண்ணம் சுத்தம். வீலை நானே கோக்க ஆசை. ஐயா வழிகாட்ட வேண்டும்.

ஸ்போக்கம்பி

கிண்ணம் சுத்தமா இருக்கில்ல, அப்போ அந்த ஹப் இன்னும் நெடுங்காலம் ஓடும். கோன் மட்டும் மாற்றக்கூடிய பாகம், அதே மரை, அதே உயரம் பார்த்து வாங்குங்க. பால்ரஸ் நல்லா இருந்தாலும் பழசைத் திரும்பப் போடாதீங்க. முன்னாடி 3/16 இஞ்ச், பக்கத்துக்குப் பத்து. பின்னாடி கால் இஞ்ச், பக்கத்துக்கு ஒன்பது. கோன் இறுக்கும்போது கையில் பிடிச்சால் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கணும். குயிக் ரிலீஸ் மூடினதும் ஆக்சில் கொஞ்சம் அமுங்கும், அந்த ஆட்டம் அப்போ மறையணும். ஃப்ரேமில் மாட்டுவதற்கு முன்னாடியே ஆட்டமில்லாம இறுக்கினால் ஓடும்போது பால்ரஸ் நசுங்கும்.

வீலுக்கு மூணு குறுக்கு (ஒவ்வொரு ஸ்போக்கும் மூணு ஸ்போக்கைக் கடந்து போகணும்). ஸ்போக்ஸ் நீளத்துக்குக் கடைக்காரர் சொல்ற அளவை நம்பாதீங்க. ரிம் கைக்கு வந்ததும் ரெண்டு ஸ்போக்ஸில் நிப்பிளை (ஸ்போக்ஸ் முனையில் மாட்டுற நட்டு) மாட்டி, எதிரெதிர் ஓட்டையில் விட்டு, உள்விட்டத்தை நீங்களே அளங்க. அதுக்குப் பிறகு கணக்குப் போட்டு வாங்குங்க. பின் வீலில் செயின் பக்கம் நீளம் குறைவு, இழுவிசை அதிகம். ரெண்டு பக்கமும் ஒரே இழுவிசை வரணும்னு போராடினால் ரிம் நடுவில் நிற்காது. பித்தளை நிப்பிள் போடுங்க, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.

கோவைச்சக்கரம்

வீல் இரண்டும் கோத்து முடித்து, வண்டியைக் கட்டிவிட்டேன் ஐயா. கோட்டம் அரை மி.மீ.-க்குள் இருக்கிறது. செயின் நீளத்தை 48 பல்லும் 32 பல்லும் சுற்றி, டிரெயிலியர் வழியாகப் போகாமல் அளந்து, ஒரு ஜோடி கண்ணி கூட்டி வெட்டினேன். ஒரே ஒரு கேள்வி: தெருவில் முதல் முறை ஓட்டியபோது வீலிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. மலைக்குக் கொண்டுபோகலாமா?

ஸ்போக்கம்பி

இப்போதைக்கு வேண்டாம். நிப்பிள் திருகும்போது ஸ்போக்ஸும் கூடவே முறுக்கிக்கிட்டிருந்திருக்கு. எடை ஏறினதும் அந்த முறுக்கு விடுபட்ட சத்தம்தான் அது. இப்போ கோட்டம் மறுபடி பாருங்க, கொஞ்சம் மாறியிருக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்போக்ஸ் ரெண்டு ரெண்டா கையில் பிடிச்சு அழுத்தி, சுற்றி முழுக்க ஒரு தடவை வந்துட்டு, திரும்பக் கோட்டம் எடுங்க. இனி நிப்பிளைத் திருகும்போது தேவைக்குக் கால் சுற்று கூடுதலா போய், அந்தக் கால் சுற்றைத் திருப்பி விடுங்க. முறுக்கு சேராது. ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டுங்க, இன்னொரு தடவை இழுவிசை பாருங்க. சத்தம் இல்லைன்னா மலைக்குப் போங்க.

கோத்தகிரி_ஏற்றம்

வரும்போது இங்கே எழுதுங்கள், எஸ்டேட்டில் நான் கேட்டு வைக்கிறேன். டயரில் காற்று 30 பிஎஸ்ஐ-யில் தொடங்கலாம். சஸ்பென்ஷன் இல்லாத வண்டிக்குத் தொடக்கத்தில் அதற்கு மேல் வேண்டாம். கல்லில் ரிம் இடிப்பது தெரிந்தால் இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொள்வோம். பம்பு என்னிடம் இருக்கிறது, கேஜ் மட்டும் கொண்டுவாருங்கள்.